மாசிக் குளிரில் நுவரெலியா

வெள்ளி

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 77 கிலோமீட்டர்தான். பஸ்ஸில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகிவிடுகிறது. நடத்துனர் வாசற்படியில் தொங்கிக்கொண்டு ‘நுவரெலிய, நுவரெலிய’ என்று சிங்களத்தில் கூவுவார். தலையில் மூட்டையோடு யாராவது தமிழ்க் குடும்பம் வருவது தெரிந்தால் ‘நூரளை, நூரளை, ஏறுங்க ஏறுங்க’ என்று மாற்றிக்கொள்வார். கம்பளை வரை சாதாரணச் சாலை. புசல்லாவை தாண்டியதும் இரண்டு பக்கமும் தேயிலை ஆரம்பிக்கிறது, அப்புறம் அது முடிவதே இல்லை. கீழே கொத்மலை நீர்த்தேக்கம் ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு இடத்தில் தெரிந்தது.

இறம்பொடை ஏற்றத்தில் பஸ் திணறியபோது சாமுவேல் பேக்கர் நினைவுக்கு வந்தார். நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போய் 1864-ல் ஆல்பர்ட் ஏரியைப் பார்த்தாரே, அதே பேக்கர்தான். அதற்கு முன் 1840களின் கடைசியில் நுவரெலியாவில் ஒரு முழு ஆங்கில கிராமத்தை உருவாக்கிவிடலாம் என்று இங்கிலாந்திலிருந்து பசு, குதிரை, வேட்டை நாய், கொல்லன், பண்ணை மேலாள் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். வந்த சாமான்களில் ஒரு குதிரை வண்டியும் உண்டு. அதைக் குதிரைக்காரன் குடிபோதையில் இந்த இறம்பொடைக் கணவாயில்தான் பள்ளத்தில் உருட்டிவிட்டான். வண்டியை மீட்க யானையை அனுப்பினார்கள். அதே ஆள் யானை மேல் ஏறி அதை விரட்டு விரட்டென்று விரட்ட, யானையும் செத்தது. எங்கள் ஓட்டுநர் நிதானமாகத்தான் இருந்தார். ஆனால் ஒரு கையால் செல்போனைப் பார்த்துக்கொண்டே கொண்டை ஊசி வளைவு திரும்பினார்.

இறங்கியதும் குளிர் காதைப் பிடித்தது. உயரம் 1,868 மீட்டர். ஊட்டியைவிடக் கிட்டத்தட்ட 370 மீட்டர் குறைவு. ஆனாலும் மாசி மாதத்து இரவு இரண்டு ஊரிலும் ஒன்றுதான். நான் கொண்டுவந்த ஸ்வெட்டர் போதாது என்று புரிந்ததால் நேராக பேல் பஜாருக்குப் போனேன். வெளிநாட்டுக்காக இலங்கை ஆடைத் தொழிற்சாலைகள் தைத்த குளிர்கால உடைகளில் மிஞ்சியது, கழிந்தது எல்லாம் வரிசையாகத் தொங்குகிறது. ஐரோப்பாவில் பனிச்சறுக்கு விளையாடுபவர்கள் போடும் ஜாக்கெட் ஒன்றை பேரம் பேசி வாங்கினேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் பேசியதைக் கேட்டு, “நீங்கள் இந்தியாவோ? அப்ப குறைக்கேலாது” என்று சிரித்துவிட்டுக் குறைத்துக் கொடுத்தார்.

சனி

இன்று முழுக்க ஊருக்குள் நடை. சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் இந்த ஊரைக் ‘குட்டி இங்கிலாந்து’ என்றுதான் எழுதுகின்றன. மையத்தில் நிற்கும் தபால் நிலையத்தைப் பார்த்தால் அது பொய்யில்லை. செங்கல், கூரான கூரை, மேலே மணிக்கூண்டு. 1894-ல் கட்டியது. இன்னமும் உள்ளே முத்திரை குத்தும் சத்தம் கேட்கிறது. இந்தக் கட்டிடத்தை ஹோட்டல் திட்டத்துக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று 2023-ல் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாசலில் செல்ஃபி எடுக்கும் கூட்டத்தில் பாதிப் பேர் உள்ளே போவதில்லை. நான் போய் ஒரு தபால் அட்டை வாங்கி எழுதிப் போட்டேன். கவுண்டரில் இருந்த அம்மா சிங்களத்தில் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்து, பின்கோடு எழுதச் சொன்னார்.

அங்கிருந்து கொஞ்சம் மேலே கிராண்ட் ஹோட்டல். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் தனக்காகக் கட்டிக்கொண்ட மலை வீடு அது, பிறகு இறக்கைகள் முளைத்து ஹோட்டலானது. புல்வெளி கத்தரித்த கணக்காக இருக்கிறது. அதற்கடுத்து 1876-ல் தொடங்கிய ஹில் கிளப். சுவரில் மான் தலை, கணப்பு அடுப்பு, ஒரு காலத்தில் ஆண்களுக்கு மட்டுமாக இருந்த பார். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் சாப்பாட்டு அறைக்குள் போக கோட்டும் டையும் வேண்டும். இல்லாதவர்களுக்கு அவர்களே இரவல் கொடுக்கிறார்கள். என் பேல் பஜார் ஜாக்கெட் அங்கே செல்லாது. போய் ஒரு டீ குடித்துவிட்டு ஏழுக்கு முன்பே வந்துவிட்டேன். துரைமார் எல்லாம் எப்போதோ போய்விட்டார்கள், அவர்களுடைய டை மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது விக்டோரியா பூங்கா. விக்டோரியா ராணியின் 1897 வைரவிழாவை ஒட்டி அந்தப் பெயர் வந்தது. பூச்செடிகளுக்காக வருபவர்கள் பூவைப் பார்க்கட்டும். பறவை பார்ப்பவர்கள் பின்பக்கம், ஓடை ஓரத்துக் குப்பைமேட்டுப் பக்கம் கண்ணை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். காஷ்மீர் ஈப்பிடிப்பான் அங்கேதான் வரும். கோடையைக் காஷ்மீரில் கழித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நீலகிரிக்கும் இந்த மலைக்கும் வரும் சின்னஞ்சிறு பறவை. அரை மணி நேரத்தில் ஒன்று கண்ணில் பட்டது. தொண்டையில் செங்கல் நிறம், ஓரத்தில் கருப்புக் கோடு. பாதி இலைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தது, போதும்.

மதியம் கோல்ஃப் மைதானத்தை ஒட்டி இருக்கும் பழைய கல்லறை ஒன்றைத் தேடிப்போனேன். மேஜர் தாமஸ் ரோஜர்ஸ். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் ஒரே செய்தி. அரசாங்கமே யானை கொன்றால் பரிசு கொடுத்த காலம் அது. 1845-ல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அதற்குப் பிறகும் அவர் கல்லறை மேல் இடி விழுந்ததாக ஊரில் சொல்கிறார்கள். கல்லில் விரிசல் இருக்கிறது. இடியா, வேரா, என்னால் சொல்ல முடியவில்லை. கூட வந்த மைதான ஊழியருக்குச் சந்தேகமே இல்லை: “யானை விடுமா சார்?”

கிரெகரி ஏரிக்கு மாலையில் போனேன். ஆளுநர் வில்லியம் கிரெகரி 1873-ல் ஓடையை மறித்து உண்டாக்கியது. ஊட்டியில் சல்லிவன் செய்த அதே வேலைதான். அன்ன வடிவப் படகு, குதிரைச் சவாரி, சோளம், ஒலிபெருக்கி. ஊட்டி ஏரியைப் பார்த்தவர்கள் இதைத் தவறவிட்டாலும் நஷ்டமில்லை.

ஞாயிறு

அதிகாலை நாலரைக்கு வேன். ஹோர்ட்டன் சமவெளிக்கு இருட்டிலேயே கிளம்ப வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால் ‘உலக முடிவு’ என்ற அந்தப் பாறை விளிம்பில் நின்றும் வெள்ளைத்தாள்தான் தெரியும்.

நுழைவாயிலில் பையைத் திறந்து பார்த்தார்கள். பிஸ்கட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார்கள், தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிளைக்கூட உரித்துவிட்டார்கள். நம் ஊர் காடுகளின் வாசலில் இந்த ஒன்றை மட்டும் செய்தால் போதும் என்று தோன்றியது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் டாலரில் கணக்கிடுகிறார்கள். கனமான தொகை, மனதைத் தயார் செய்துகொண்டு வாருங்கள்.

வாகன நிறுத்தத்தில் கடமான்கள் காத்திருந்தன. காத்திருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். மனிதர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றன. பேக்கர் காலத்தில் இதே புல்வெளியில் நாய்களை விட்டு இவற்றைத் துரத்திப் பிடித்தார்கள்.

நடை ஒன்பது கிலோமீட்டர் சுற்று. முதலில் சின்ன உலக முடிவு, அப்புறம் பெரியது. பெரியதில் பாறை அப்படியே அறுந்து ஏறக்குறைய 870 மீட்டர் கீழே போகிறது. எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். தெற்கே அடுக்கடுக்காக மலை. நேர் கீழே, பாதாளத்தில், தேயிலைத் தோட்டமும் தகரக் கூரைகளும். அந்தக் கூரைகளில் ஒன்றிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. யாரோ காலைச் சமையல் செய்கிறார்கள். நாங்கள் எல்லாம் ‘உலகமே இங்கே முடிகிறது’ என்று படம் எடுத்துக்கொண்டிருந்த இடத்துக்கு அடியில், அவர்களுக்கு அன்றைய நாள் தொடங்கிக்கொண்டிருந்தது. இருபது நிமிடத்தில் பனி வந்து எல்லாவற்றையும் மூடியது. பேக்கர் அருவி வழியாகத் திரும்பினேன். அழகான அருவிதான், ஆனால் அதற்குள் கூட்டம் வந்துவிட்டது.

திங்கள்

கால் வலி. பக்கத்திலேயே போனால் போதும் என்று சீதா எலிய.

ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவில், பதுளைச் சாலையை ஒட்டி, ஓடைக்கரையில் சீதை அம்மன் கோயில். அசோகவனம் இதுதான் என்பது நம்பிக்கை. ஓடைப் பாறையில் உள்ள குழிகளை அனுமன் பாதம் என்று மஞ்சள் பூசிக் காட்டுகிறார்கள். 2024 மே மாதம் நடந்த கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியிலிருந்து சரயு நதி நீரே வந்தது. இப்போது இந்தியச் சுற்றுலா பஸ்கள் வரிசை கட்டுகின்றன. இந்தியில் விளக்கம் சொல்லும் வழிகாட்டியின் குரல் ஓய்ந்த இடைவெளியில், தோட்டத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, யாரையும் கவனிக்காமல், அம்மனிடம் தன் பேத்தியின் ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சையைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கணக்குதான் கொஞ்சம் பயமாம்.

அடுத்தது ஹக்கலைத் தாவரத் தோட்டம். ரோஜாத் தோட்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இது தொடங்கியது பூவுக்காக அல்ல, காய்ச்சலுக்காக. 1861-ல் சின்கோனா பயிரிடத்தான் இதை உண்டாக்கினார்கள். மலேரியாவுக்கு மருந்தான கொயினா அந்த மரப் பட்டையிலிருந்துதான் வரும். ஏறக்குறைய அதே சமயத்தில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த அதே மரத்தை நீலகிரியிலும் நட்டார்கள். இரண்டு மலைகளையும் ஒரே ஆள் ஒரே மேசையில் உட்கார்ந்து வரைந்ததுபோல் இருக்கிறது: ஏரி, கிளப், குதிரைப் பந்தயம், சின்கோனா, தேயிலை. பெரணித் தோட்டம் நன்றாக இருந்தது, ரோஜா சுமார்.

செவ்வாய்

இந்த ஊருக்கு நான் வந்ததே இன்றைக்காகத்தான்.

காலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. சுற்றிக் காட்டுவதற்கென்றே லபுக்கலையிலும் பீட்ரு தோட்டத்திலும் ஏற்பாடு இருக்கிறது. மாடியில் நீண்ட தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பிக் காற்றை ஊதி வாட வைக்கிறார்கள். வாடிய இலை கீழே உருளைக்குள் போய் நசுங்குகிறது. காற்றுப்பட்டுப் பச்சை செம்பாகிறது, அதற்குள் ஆப்பிள் நறுக்கியதுபோல ஒரு வாசனை. அப்புறம் உலர்த்தி, சலித்து, தரம் பிரித்தல். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது. இந்த உயரத்துத் தேநீர் நிறத்தில் வெளிர். நம் ஊர் டிகாக்‌ஷனுக்குப் பழகியவர்கள் ‘தண்ணியா இருக்கே’ என்பார்கள். பால் ஊற்றாமல் குடித்தால்தான் அதன் வாசனை தெரியும்.

ஆனால் எனக்கு வேண்டியது தொழிற்சாலை அல்ல. ஓட்டோ ஓட்டிய தம்பியிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். அவர் பிறந்தது பக்கத்தில் ஒரு தோட்டத்தில். மத்தியானம் அங்கே கூட்டிப் போனார். அவருடைய பெரியம்மா மலையில்தான் இருப்பார் என்றார். மலை என்றால் இங்கே தேயிலை நிற்கும் இடம். வேலைக்குப் போவதை ‘மலைக்குப் போறது’ என்றுதான் சொல்கிறார்கள்.

பெரியம்மா கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இருந்தார். இடுப்பில் கருத்த படங்கு சுற்றியிருந்தார், சேலை நனையாமல் இருக்க. கைவிரல்களின் உட்புறம் தேயிலைக் கறை ஏறி, விரல் ரேகை எல்லாம் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. தராசுக்குப் பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை ஈரத்துக்கும் கூடைக்கும் என்று எடையில் கொஞ்சம் கழித்து எழுதினார். பெரியம்மா அந்தப் புத்தகத்தைத் தலைகீழாகவே படித்துச் சரிபார்த்தார்.

“பதினெட்டுக் கிலோ எடுத்தாத்தான் முழுப்பேரு தம்பி. மழைக் காலத்துல எடுத்துரலாம். இப்ப வெயில்ல கொழுந்து எங்க இருக்கு?” முழுப்பேரு என்றால் முழு நாள் கூலி.

ஆயிரம் ரூபாய் நாட்கூலி வேண்டும் என்று இந்த மக்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். அது 2021-ல் கிடைத்தது, 2024-ல் 1,350 ஆனது. இலங்கை ரூபாய்தான். அதற்குள் 2022-ல் நாட்டின் பொருளாதாரம் விழுந்து மா, எண்ணெய், பருப்பு விலையெல்லாம் எங்கோ போய்விட்டது.

வேலை முடிந்து அவரோடு லயத்துக்கு நடந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு காம்பரா, அதாவது ஒரே அறை, முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு, நம் ஊர்த் தாழ்வாரம். வாசலில் ஏலக்காய்ச் செடியும் இரண்டு வரிசை லீக்ஸும். கொஞ்சம் தள்ளி மாரியம்மன் கோயில் திடலில், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். இரவு ஆகும்வரை இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். தப்பைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பையன், மன்மதன் வேஷம் இந்த வருஷம் தனக்குத்தான் என்று யாரும் கேட்காமலே சொன்னான்.

பெரியம்மா தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்தார். கூடவே தேநீர். ருசி பார்த்ததுமே தெரிந்தது, காலையில் தொழிற்சாலையில் குடித்தது வேறு, இது வேறு. இது தூள், கருப்பு, சீனி நிறைய.

“ஒங்க ஊரு எது தம்பி?”

சொன்னேன். அது அவருக்குத் தெரியவில்லை.

“கோத்தகிரி கிட்டயா? எங்க சித்தப்பா குடும்பம் கோத்தகிரியில இருக்கு. ஒப்பந்தத்துல போனவங்க. நான் அப்ப சின்னப் புள்ள, ரயிலடியில எல்லாரும் ஒப்பாரி வச்சது மட்டும் ஞாபகம்.”

ஒப்பந்தம் என்று அவர் சொன்னது 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்டதை. கதை அதற்கும் முன்னால் போகும். வெள்ளைக்காரன் இங்கே முதலில் போட்டது காப்பி. காப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் ஆள் போதும். திருச்சி, மதுரை, தஞ்சை, சேலம் பக்கத்திலிருந்து, ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிவந்தவர்கள் மன்னார் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். 1869-ல் காப்பி இலையில் துரு நோய் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். காப்பி செத்தது, தேயிலை பரவியது. தேயிலைக்கு வருடம் முழுக்கக் கை வேண்டும். குடும்பம் குடும்பமாக வந்து தங்கியதும், இந்த லயங்கள் எழுந்ததும் அதனால்தான்.

சுதந்திரம் வந்த 1948-லேயே குடியுரிமைச் சட்டம் போட்டு, அவர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கினார்கள். சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் பாதிப்பாதி. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பலருக்கு நீலகிரியில் வேலை கொடுத்தார்கள். அதற்காகவே 1968-லிருந்து தமிழ்நாடு அரசு தேயிலை நட்டது, இன்றைக்கு டேன்டீ என்கிறோமே, அந்த அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்தான். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அவர்களை இன்னும் ‘சிலோன்காரங்க’ என்பார்கள். இங்கே இருந்தவரை இந்தியாக்காரர்கள், அங்கே போனதும் சிலோன்காரர்கள். இங்கே நின்றுவிட்டவர்களில் நாடற்றவர்களாகவே இருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது.

நான் இந்தப் பாரத்தோடு, “அப்புறம் அவங்களப் பாக்கவே இல்லையாக்கா?” என்று கேட்டேன்.

“ஏன் பாக்காம? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வாட்ஸ்அப்ல வீடியோ கோல்தான். நேத்துக்கூட சித்தப்பா மக சண்ட போட்டுச்சு, கல்யாணப் பத்திரிகைல அது பேரு விட்டுப்போச்சாம்.”

ஓட்டோத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தார்.

ஊருக்குள் பார்ன்ஸுக்கும் கிரெகரிக்கும் பேக்கருக்கும் கட்டிடம், ஏரி, அருவி என்று பெயர் இருக்கிறது. ரோஜர்ஸுக்குக்கூட ஒரு கல் இருக்கிறது. காட்டை வெட்டி, கொண்டை ஊசிச் சாலை போட்டு, தேயிலை நட்டவர்களுக்கு இந்த ஊரின் மையத்தில் ஒரு பலகையும் என் கண்ணில் படவில்லை. மலையகத் தமிழர் வந்து 200 வருடமானதை நினைவுகூர்ந்து 2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தார்கள். அந்த வழியில் ஒரு தடவை போக வேண்டும்.

காமன் கூத்துக்கு இருந்தேன். பின்னிரவு வரை நடந்தது. சிவனின் நெற்றிக்கண் திறந்து மன்மதனை எரிக்கும் கட்டத்தில் தப்புச் சத்தம் மலை முழுக்க எதிரொலித்தது. எரிந்த மன்மதன் பத்து நிமிடத்தில் வேஷத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தான். “எப்பிடிண்ணே இருந்துச்சு?” என்றான். நன்றாக இருந்தது என்றேன். ரதியாக நடித்தவன் வசனம் மறந்துவிட்டதை நான் கவனித்தேனா என்பதுதான் அவன் கேள்வி.

புதன்

பதுளைப் பக்கம் இறங்குகிறேன். போகிறவர்களுக்குச் சில வார்த்தை: ஏப்ரல் முழுக்க இங்கே வசந்தகாலச் சீசன். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, சித்திரைப் புத்தாண்டுக் கூட்டம். அறை வாடகை பல மடங்கு ஏறும், தெருவில் நடக்க இடமிருக்காது. அமைதி வேண்டுமென்றால் தை, மாசியில் வாருங்கள், கம்பளி எடுத்து வாருங்கள். தேயிலை வாங்கும்போது கவர்ச்சியான டப்பாவைப் பார்க்காதீர்கள். எந்தத் தோட்டம், என்ன தரம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். தோட்டத்துக்குள் போக ஆசைப்பட்டால் அங்கே வீடுள்ள ஒருவரோடு போங்கள். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். சாலையோரத்தில் கூடையோடு போஸ் கொடுத்துப் பணம் கேட்பவர்கள் இருந்தால் முகம் சுளிக்காதீர்கள், அவர்கள் கேட்பது பதினெட்டுக் கிலோவுக்கான கூலியைவிடக் குறைவுதான்.

பஸ் வந்துவிட்டது. மீதி வெலிமடையிலிருந்து எழுதுகிறேன்.